விசில் ஊதாத ஆட்டம்

எங்கள் ஊர்ப் பந்தாட்டக் குழு அந்த வருசம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் தோற்றிருந்தது. தோற்றதுகூடப் பரவாயில்லை சாமி, ஒரு கோல்கூடப் போடவில்லை. புதுச்சத்திரத்துக்கு மேற்கே நடக்கிற சந்தைவரைக்கும் அந்தச் சிரிப்பு பரவியிருந்தது. சேலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்து, தோல் பந்து ஒன்றை வாங்கித் தந்தவர் நிலக்காரர் அர்த்தநாரி. பண்ணாடி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பத்தாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் என் தம்பி கந்தவேலை வரச்சொல்லி, நாளைக்கும் ஒரு கோல் விழவில்லையென்றால் பந்து தன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கந்தவேல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் காட்டில் ஏர் பிடிக்கிறவன். பொழுது சாயும் முன் அரை மணி நேரம் அந்தப் பந்தின் பின்னால் ஓடுவதுதான் அவனுக்கென்று இருந்த ஒன்று.

முப்பத்தொன்பதாம் வருசம், பங்குனி வெயில். ஆட்டம் திருச்செங்கோட்டு மலை தெரிகிற ஏரிக்காட்டூரில். என் வீட்டுக்காரர் சென்றாயன் வண்டி ஓட்டினார். பதினொரு பேருக்கும் கம்பஞ்சோறு கட்டிக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். பாதிப் பேர் வண்டியில், பாதிப் பேர் நடை. வழியெல்லாம் அவர் மச்சினனைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

"ஒம்போது ஆட்டத்துல என்ற மாட்டை அவுத்து உட்டிருந்தாக்கூட ஒரு கோலு உழுந்திருக்குமப்பா."

"மாட்டுக்கு நாலு காலுங்க மாமா," என்றான் கந்தவேல். நடந்து வந்தவர்களும் சிரித்தார்கள்.

ஏரிக்காட்டூர் எல்லையோடு அந்தச் சிரிப்பு நின்றது. வண்டி உள்ளே நுழைந்தபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. உரல் இடிக்கும் சத்தம் இல்லை. எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வரவில்லை. வாசல்தோறும் வேப்பிலை செருகியிருந்தது. திருவிழா போலிருக்கிறது என்று பின்னால் ஒருவன் சொன்னான். திருவிழா என்றால் மேளம் எங்கே?

உழாத காட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஊரே நின்றது. ஒருவரும் பேசவில்லை. இருமல் வந்தவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க் குழுவின் தலைவன் மருதாசலம் எங்களிடம் வந்து காதோடு காதாகச் சொன்னான். ஊரில் அம்மை வார்த்திருக்கிறது, ஏழு வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள். சத்தம் அவளுக்கு ஆகாது. அதனால் விசில் கிடையாது, வெள்ளைத் துண்டை வீசித்தான் ஆட்டம். கோல் விழுந்தாலும் கத்தக்கூடாது.

முன்னாலேயே ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவ வந்திருக்கான்னு ஆட்டத்தை நிறுத்துனா, அவ வந்தது எங்களுக்கு இடைஞ்சல்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க," என்றான் மருதாசலம்.

எங்கள் ஊரானாலும் அப்படித்தான் செய்திருப்போம். திரும்பிவிடலாமா என்று நான் கந்தவேலின் முகத்தைப் பார்த்தேன். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டு அசைந்தது, ஆட்டம் தொடங்கியது. வெறுங்கால்கள் புழுதியில் ஓடும் சத்தம், தோலில் கால் படும் சத்தம். நானூறு பேர் நிற்கிற இடத்தில் அது மட்டும் கேட்டால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள் கண்ணுகளா. அவர்கள் ஒன்று போட்டார்கள், இரண்டு போட்டார்கள், நான்கு வரைக்கும் போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அத்தனை தலையும் ஒருசேர ஒரு பக்கம் திரும்பி, மெதுவாக மறுபடி நேராயிற்று. ஜெயிக்கிற ஊரின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அவர்களுடைய கோல் கம்பங்களுக்குப் பின்னால் பத்தடியில் ஒரு கூரை வீடு. வாசல் மறுபக்கம். ஆட்டத்தைப் பார்த்து நின்றது ஜன்னல் இல்லாத மண்சுவர்.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் கந்தவேலின் காலுக்குப் பந்து கிடைத்தது. இரண்டு பேரை ஒதுக்கிக்கொண்டு ஓடி ஓங்கி உதைத்தான். புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. பந்து கம்பத்தை ஒட்டிப் போய் அந்தச் சுவரில் மோதி விழுந்தது. வலை ஏது அப்போது? துண்டு வைத்திருந்தவர் கையைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. மருதாசலம் வெளியே என்று தலையாட்டினான். எங்கள் ஆட்கள் உள்ளே என்று கை காட்டினார்கள். இருபது பேர் உதட்டை மட்டும் அசைத்துச் சண்டை போட்டார்கள். கந்தவேல் ஒருவன்தான் கை காட்டாமல் நின்றான்.

அப்போது அந்தச் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கோலு."

சத்தமான குரல் இல்லை. ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மெல்லச் சொன்னது போல. அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், சிலர் அப்படியே மண்ணில் விழுந்தார்கள். வெள்ளைத் துண்டு உயர்ந்தது.

மருதாசலம் எங்களிடம் வந்தான். உள்ளே படுத்திருப்பது தன் அண்ணன் மகள் சௌந்திரம், பன்னிரண்டு வயது என்றான்.

"வாய் பேசி அஞ்சு நாளாச்சுங்க. கண்ணு ரெண்டும் மூடிக் கெடக்குது. பேசுனது அவ இல்லீங்க."

போய்ட்டு வாரோம் என்று அம்மை கண்ட ஊரில் சொல்லக் கூடாது. பேசாமல் வண்டியைப் பூட்டினோம். எல்லை தாண்டியதும் எங்கள் ஆட்கள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார்கள். கந்தவேல் மட்டும் என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, பந்து வெளியதான் போச்சு. நான் பாத்தேன்."

அவன் வாயைப் பொத்தினேன். என் கையை விலக்கிவிட்டு, பிறகு எதற்காக ஆத்தா அப்படிச் சொன்னாள் என்று கேட்டான்.

மனசு பொறுக்காமல் கந்தவேல் மறுநாள் காலையிலேயே பந்தை எடுத்துக்கொண்டு பண்ணாடி வீட்டுக்குப் போய், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டான். நானும் கூட நின்றேன். ஏசுவார் என்று பார்த்தால், அவர் பந்தைப் பார்த்து இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அவ குடுத்ததை என்னையப் புடுங்கச் சொல்றியா? எடுத்துட்டுப் போயிரு சாமி. என்ற ஊட்டு வாசல்ல வெக்காத."

அப்படிப் பந்து எங்களுடையதாகிவிட்டது. அன்று சாயந்திரம் பதினொரு பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். யார் உதைப்பது? கந்தவேல் காலைத் தூக்கினான். தூக்கின காலை அப்படியே இறக்கினான். மூன்றாம் நாள் அவனே அதைக் கொண்டுபோய் எங்கள் மாரியம்மன் கோயிலில், சூலத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பூசாரி மஞ்சள் பூசினார். குழு அதோடு கலைந்தது.

சௌந்திரம் பிழைத்துக்கொண்டாள். அன்று என்ன சொன்னாய் என்று கேட்டவர்களிடம், தூங்கிக்கொண்டிருந்தேன் என்றாளாம்.

தோல் பந்தில் அடித்த காற்று பத்து நாளைக்கு மேல் நிற்காது. காற்றடிக்கிற பம்போ பண்ணாடி வீட்டில் கிடந்தது. மூன்று வருசம் கழித்து ஒரு மத்தியானம், கோயிலில் யாரும் இல்லையென்று நினைத்துக் கந்தவேல் அந்தப் பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே இறங்கவில்லை. மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தூணோரம் நின்ற என்னையும் கவனிக்காமல் வேகமாக வெளியே போனான்.