மூலப்பிரதியில் இல்லாத மகள்

அம்மா காலையில் இறந்தாள். அடக்கம் நான்கு மணிக்கு. எங்கள் சபையில் குழிக்குள் முதல் பிடி மண்ணைப் பிள்ளைகள்தான் போட வேண்டும். பிள்ளைகள் என்றால், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பெயர் உள்ளவர்கள். அந்தப் பெயர் மூலப்பிரதியிலேயே இருந்தது என்று வேதாகம ஆய்வுத் துறை சான்று தர வேண்டும்.

அக்கா சாராளுக்குச் சான்று உடனே கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை.

"நான் என்ன செய்யட்டும் பிள்ள?" என்றார் எங்கள் சபைப் போதகரான ஐயர். "நேர்ல போய்க் கேளு. மூணரைக்குள்ள வந்துரு."

துறையின் நடைபாதை நீளமானது. ஒரு கதவைக் கடந்தால் அதற்கு விளக்கவுரையாக இரண்டு கதவுகள் முளைத்தன. கதவுகளைப் பார்க்காமல் நடந்தேன். அப்போதுதான் நடைபாதையின் முடிவு வந்தது.

பேராசிரியர் ஞானதிரவியம் எங்கள் வேதாகமத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் பாதி தின்ற உளுந்த வடை இருந்தது.

"நீங்கதான் ரெண்டாவது வரியா? உக்காருங்க."

நான்தான். முதல் வரி: 'சாராள். கர்த்தர் தந்தார்.' இரண்டாவது வரி: 'எமீமா. என் செல்லம்.' இரண்டும் அம்மாவின் கையெழுத்து.

"முதல்ல பின்னணிக்குப் போகணும்" என்று அவர் உருப்பெருக்கியை எடுத்தார். ஒருமுறை வாசித்தார். மின்விசிறி இல்லாமல் போனது. மறுபடி வாசித்தார். ஜன்னல் கண்ணாடிகள் போயின. மூன்றாம் முறை வாசித்தபோது அறையில் அகல்விளக்கு எரிந்தது. வெளியே ஒட்டகம் கத்தியது. வடை மட்டும் அப்படியே இருந்தது.

"ரெண்டாவது வரி பிற்சேர்க்கை. பின்னால யாரோ சேர்த்தது. மை வேற."

"அக்காவுக்கும் எனக்கும் நாலு வருசம் வித்தியாசம் சார். அம்மா பேனா மாத்தியிருப்பா."

"நடையும் வேற. முதல் வரியில பக்தி, ரெண்டாவதுல கொஞ்சல். ஒரே ஆளு ரெண்டையும் எழுத மாட்டாங்க."

"அம்மா எழுதுவா."

"வாரவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க."

அவர் விதியை விளக்கினார். எளிய பாடத்தை, அதாவது எளிய வாசகத்தை, நம்பக் கூடாது. கடினமானதே மூலம். படியெடுப்பவர்கள் கசப்பை இனிப்பாக்குவார்கள். இனிப்பைக் கசப்பாக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

"அப்போ மூலத்துல என்ன இருந்துச்சு?"

"'மறுபடியும் பெண்.'"

குனிந்து பார்த்தேன். சுரண்டிய தடம்கூட இல்லை.

"தாள்ல அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

"இல்லதான். இருந்திருக்கணும்."

மணி மூன்று.

"எழுதினவகிட்டயே கேளுங்க" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுதியவர்களிடம் கேட்பதெல்லாம் பழைய முறை என்றார். இருந்தாலும் மேசை மணியைத் தட்டினார். நான்கு பேர் அம்மாவைக் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சு இருந்தது. பேராசிரியரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்த வரி நீங்க எழுதுனதாம்மா?"

"எம் எழுத்து மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா? உங்க எழுத்தா?"

அம்மா மூக்குப் பஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டாள்.

"ரெண்டாவது பிள்ள பிறந்தப்ப மனசுல என்ன நினைச்சீங்க?"

அம்மா வடையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"சார் படிச்சவுக" என்றாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எம்மா!"

"சும்மா இரு ஏட்டி. பெரிய மனுசங்க பேசும்போது."

பிறகு படுத்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

பேராசிரியர் என் பெயரின் இருபுறமும் பென்சிலால் அடைப்புக்குறி போட்டார். "அழிக்கல" என்றார். "நாங்க யாரையும் அழிக்கிறதில்ல."

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகம். ஐயர் துறை கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"கிருபாவதி அம்மாள் தமக்குப் பின் ஒரு மகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். சில பிரதிகளில், இரண்டு."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அக்கா ஒரு பிடி மண்ணைப் போட்டாள். அது பெட்டியின் மேல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அழத் தொடங்கினேன்.

அக்கா என் காதருகே குனிந்தாள்.

"அழாத எமி. அதையும் பிற்சேர்க்கைன்னுருவாங்க."

நிறுத்திக்கொண்டேன். மண்வெட்டிக்காரர்கள் குழியை மூடத் தொடங்கினார்கள்.