யாரும் ‘காலி’ சொல்லவில்லை

அரங்குக்காரர்கள் எல்லாரும் அவளை ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சொல்லிப் போன் செய்தால் யாரோ தெரியாத ஆள் என்று அவளே வைத்துவிடுவாள். உள்ளரங்குகளில் பார்வையாளர்கள் உட்காரும் மடக்கு கேலரிகளைச் சரிபார்ப்பது அவள் தொழில். மேசை இழுப்பறை மாதிரி ஒவ்வொரு வரிசையும் பின் வரிசைக்கு அடியில் புகுந்து புகுந்து, கடைசியில் மொத்த கேலரியும் சுவரோரம் அலமாரி போல ஒடுங்கி நிற்கும். கூட வேலை செய்பவன் கொழுந்தன். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட.

அவர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. கேலரியை நகர்த்தும் பட்டன் பெட்டி அவள் கையில் இருக்கும். கொழுந்தன் டார்ச்சோடு கேலரிக்கு அடியில் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்து, “காலி!” என்று கத்துவான். அது காதில் விழாமல் அவள் விரல் பட்டன் பக்கம் போகாது.

அன்று புது செயின் மாட்டி முடித்திருந்தார்கள். சாயங்காலம் தரையில் நடன நிகழ்ச்சி. கேலரியை ஒடுக்கினால்தான் இடம். மேனேஜர் பத்து தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒலிபெருக்கிக்காரர்கள் காது கிழியப் பாட்டு போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனின் மனைவிக்குக் காலையிலேயே வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போடா, நான் பாத்துக்கறேன்” என்று அவள் சொல்லியும், “அங்க போனா என்னை வெளியதான் உக்கார வைப்பாங்க அண்ணி” என்று நின்றுவிட்டான். நின்றானே தவிர, கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தவன், போன வழியாகவே, கையில் போனோடு, பாய்ந்து வெளியே வந்தான்.

“அண்ணி! பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு!”

“அடி சக்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்களாம்! என்னை மாதிரியே மூக்காம்!”

“ஐயோ பாவம் அந்தப் பொண்ணு” என்று சிரித்துக்கொண்டே அவள் பட்டனை அமுக்கினாள்.

கேலரி நகர்ந்தது. பாதி தூரம் போனதும் இடதுபக்கம் மட்டும் முன்னேறி, வலதுபக்கம் அப்படியே நின்று, மொத்தமும் கோணிக்கொண்டது. விரலை எடுத்தாள். புது செயின் மக்கர் செய்கிறதோ என்று இன்னொரு தடவை அமுக்கினாள். மோட்டார் முனகியது. எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. சட்டென்று விட்டுவிட்டாள்.

செயின் நழுவினால் தடதடக்கும். இது அப்படி இல்லை. எதையோ கடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

வலதுபக்க முனைக்குப் போனாள். அங்கே சுவரோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒழுங்காக, உள்ளே பார்த்தபடி.

“இது யாரோடது?”

கொழுந்தன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

“இந்தக் கடைசி வரைக்கும் வந்து பாத்தியா?”

“பாதியில போன் வந்துடுச்சு அண்ணி...”

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. மெயின் சுவிட்சை அணைத்து, சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டாள். “பாட்ட நிறுத்துங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கிக்காரன் வயரையே உருவிவிட்டான். அரங்கம் கப்சிப்பென்று அடங்கியது. இரும்புக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

காலையில் அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட துப்புரவுக்காரம்மாவின் குரல்.

கொழுந்தன் குனிந்தான், தோள் நுழையவில்லை. அவள் அவனைத் தள்ளிவிட்டு ஒருக்களித்து உள்ளே ஊர்ந்தாள். தலைக்கு மேல் இரும்புச் சட்டங்கள். சாவி அவளிடமே இருந்தது, ஆனாலும் இப்போது யாராவது அமுக்கிவிட்டால் என்று முதுகு கூசியது. டார்ச் வெளிச்சத்தில், தூணுக்கும் சுவருக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வாளியைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டிருக்கிறாள். வாளி நசுங்கிச் சக்கரத்தில் செருகிக்கிடந்தது. அதற்கும் சட்டத்துக்கும் இடையில் அவள் வலதுகால்.

“கத்துனேம்மா. பாட்டுல யாருக்கும் கேக்கல.”

“இப்ப கேக்குது. பேசிக்கிட்டே இருங்க.”

“யாரு அமுக்குனது?”

“நான்தான்.”

“ரெண்டாவது தடவையும்?”

“ஆமா.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் ஸ்பேனரக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

வெளியே மேனேஜர் பதறினார். “ஆம்புலன்ஸ் வருது. அதுக்குள்ள ரிவர்ஸ்ல போட்டா வெளிய வந்துடும்ல?”

“வாளி கூடவே உருண்டுச்சுன்னா கால இழுத்துடும் சார். செயினக் கழட்டுங்க. கையால இழுக்கலாம்” என்று உள்ளேயிருந்து கத்தினாள் அவள்.

காலையில் தானே முறுக்கிய போல்ட்டுகளைக் கொழுந்தன் அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒன்று மாட்டிக்கொண்டது. அவன் தன்னையே திட்டிக்கொண்டான். உள்ளே இவளுக்கு வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை வாளியில், இன்னொரு கை அம்மாவிடம். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும், “அம்மா, தூங்காதீங்க, பேசுங்க” என்று கெஞ்சினாள். அம்மா தன் மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள். அது போதும் என்றிருந்தது இவளுக்கு.

செயின் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர்கள், மேனேஜர், வாசல் காவலாளி எல்லாரும் வரிசையாகப் படிகளைப் பிடித்தார்கள். “மெதுவா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து!” என்று உள்ளேயிருந்து அவள் சொல்லச் சொல்ல இழுத்தார்கள். சக்கரம் வாளியை விட்டது. அவள் வாளியை உதைத்துத் தள்ளிக் காலை விடுவித்தாள். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு மேனேஜர் கேட்டார், “எப்படி ஆச்சு?”

“நான்தான் சார் முழுசா பாக்கல” என்று கொழுந்தன் முந்திக்கொண்டான்.

“இவன் காலின்னு சொல்லவே இல்ல சார்” என்றாள் அவள். “சொல்லாமயே அமுக்குனது நான்.”

கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. காலை வெட்ட வேண்டியதில்லை என்று தெரியும் வரை ஸ்பேனரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் போனபோது அம்மா கோபமாகத்தான் இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “குழந்தை பொறந்துச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களாமே. உங்க சந்தோஷம் என் காலு மேலதான் ஏறணுமா?” என்றாள். இவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். போகச் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் போனாள்.

அடுத்த வேலை ஒரு கல்லூரி அரங்கில். கொழுந்தன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்து “காலி!” என்றான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தானும் நுழைந்து பார்த்துவிட்டு வந்தாள். கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தாள். வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். விரல் அமுங்க மறுத்தது.

“நீ அமுக்கறியா?”

கொழுந்தன் ஒரு அடி பின்வாங்கினான். “வேணாம் அண்ணி.”

வாசலில் நின்ற கல்லூரிக் காவலாளி, “என்னம்மா, கரண்ட் இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்குங்க” என்றாள் அவள். “இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து உள்ளே போனாள்.