துணியின் மறுமுனை

"ஏட்டி, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும். எங் கையைப் புடிச்சது உம் மக இல்லேன்னா பொறவு யாரு?"

"எம் மக ஊர்லயே இல்லேங்கேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டா என்ன மதினி அர்த்தம்?"

"அப்ப இது என்ன? இந்தா, நகம் பதிஞ்சிருக்கு பாரு. நானா கிள்ளிக்கிட்டேன்?"

ஆனந்தவல்லி வலது உள்ளங்கையைக் குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் விரித்துக் காட்டினாள். பிறை பிறையாகச் சின்ன நகத்தடங்கள். பாண்டீஸ்வரி மட்டும் அதைப் பார்க்கவில்லை. குடம் நிரம்பி வழிவதையும் கவனிக்கவில்லை. "எம் மக தேவதானத்துல இருக்கா. உயிரோட இருக்கா. செத்தா போயிட்டா, ஆவியா வந்து உங்க கையைப் புடிக்க?" என்று கத்தினாள். அதுவரை 'ஆவி' என்ற சொல்லை யாரும் சொல்லியிருக்கவில்லை. பாண்டீஸ்வரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதித் தண்ணீர் சேலையில்தான் போயிருக்கும்.

அடுத்த வீட்டு விஷயத்தில் எனக்கு அக்கறை கிடையாது. என் சமையலறை ஜன்னல் பாண்டீஸ்வரி வீட்டு வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வீடு கட்டிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

முந்தைய நாள் சாயங்காலம் நடந்தது மனிதச் சங்கிலி. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்கலாம் என்று விதி வந்திருந்தது. அதை எடுக்கச் சொல்லி ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கைகோத்து நிற்பதாக ஏற்பாடு. எங்கள் தெருவுக்குப் பொறுப்பு ஆனந்தவல்லி. வீட்டுக்காரர் ராஜரத்தினம் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரத்தை அவர் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார், இவள் எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், "பச்சப் புள்ளையப் போயி ஃபெயிலுங்கானுவளே, அது மனசு என்னாவும்?" என்று பேசினாள். நன்றாகவே பேசினாள். நானே ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் எல்லாம் வந்திருந்தால் சங்கிலி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் வரை போயிருக்கும். வந்த கூட்டத்தைப் பார்த்தால் அடுத்த பஸ் நிறுத்தத்துக்கே எட்டாது போலிருந்தது. நல்லவேளையாகச் சத்திரப்பட்டித் தறிக்காரர் ஒருவர் பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாக இனாமாகக் கொடுத்திருந்தார். ஆள் இல்லாத இடத்தில் துணியை விரித்து, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை ஒருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். சாலை நெடுக வெள்ளைத் துணி. ஊருக்கே அடிபட்டுக் கட்டுப் போட்டது மாதிரி இருந்தது.

மூடிக் கிடக்கும் ஒரு பழைய மில்லின் மதிலோரத்தில் எங்களுக்கு இடம். ஆனந்தவல்லியின் இடது கையை நான் பிடித்திருந்தேன். அவள் வலப்பக்கம் ஆள் இல்லை, துணிதான். துணியின் மறுமுனையில் பாண்டீஸ்வரி. பாண்டீஸ்வரியின் புருஷன் முத்துப்பாண்டி ராணுவத்தில் வடக்கே எங்கோ இருக்கிறான். மகள் மாரிசெல்வி வேனில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தவள். ஐந்தாவது பாஸ், இனிமேல் தேவதானத்தில் தங்கச்சி வீட்டிலிருந்து ஆறாவது படிப்பாள் என்று கோடை விடுமுறையில் பாண்டீஸ்வரி தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்திருந்தாள். அப்படிப்பட்டவள் சங்கிலிக்கு வரவே யோசித்தாள். "உம் புள்ளதான் பாஸாயிட்டாளே, அடுத்தவ புள்ளைக்காக நிக்க மாட்டியாக்கும்?" என்று ஆனந்தவல்லி கேட்ட பிறகுதான் வந்தாள்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் சாலையை நேராகப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்கிறார்கள் என்றார்கள். கோஷம் போட்டோம். நான் முந்தானையைச் சரிசெய்வதில் இருந்தேன். அப்போது ஆனந்தவல்லியின் கை என் கைக்குள் ஒரு தரம் வெட்டி இழுத்தது. ஏதோ பூச்சி என்று நினைத்தேன்.

தன் வலது கையிலிருந்து துணி நழுவி, அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் கை நுழைந்தது என்கிறாள் ஆனந்தவல்லி. சூடான கை. கடித்துக் கடித்து முள்ளாய்ப் போன நகங்கள். மாரிசெல்விக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. தெருவில் எல்லோருக்கும் தெரியும். லீவுக்கு வந்திருக்கிறாள் போல என்று நினைத்து, போட்டோவுக்காகத் திரும்பாமலே நின்றிருக்கிறாள். விசில் ஊதித் திரும்பினால் கையில் துணிதான் இருந்தது.

குழாயடிச் சண்டை முடிந்து குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் எனக்கு மற்ற விஷயங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. மகள் ஊருக்குப் போன பிறகும் பாண்டீஸ்வரி வாங்குகிற பால் குறையவில்லை. கொல்லைக்கொடியில் காயப்போடுகிறவள் இப்போது துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாள். மத்தியானத்தில், அவள் தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பூட்டிய வீட்டுக்குள் ஒரு குரல் பாடம் ஒப்பிக்கும். டிவியை அணைக்காமல் போய்விட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். டிவி என்றால் நடுவில் சோப்பு விளம்பரம் வராதா?

இதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியுமா? ஆனந்தவல்லியிடம் போய்ச் சொன்னேன். அன்று மத்தியானமே இரண்டு பேரும் அந்த வாசலில் போய் நின்றோம்.

வெளியே பெரிய பூட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெயில் உச்சியில் இருந்தும் அந்தக் கதவருகே நின்றால் காலடியில் மட்டும் சில்லென்றிருந்தது. கதவுக்கு அடியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. குரலும் வந்தது. இரண்டு குரல்கள் என்று முதலில் தோன்றியது. ஒன்று டீச்சருடைய குரல், கண்டிப்பாக, மூக்கால் பேசுவது. "செடிக்கு உணவு தயாரிக்கிற பாகம் எது?" கொஞ்சம் இடைவெளி. பிறகு பிள்ளைக் குரல்: "வேர், மிஸ்." உடனே ஸ்கேலால் அடிக்கிற சத்தம். "மறுபடி. செடிக்கு உணவு தயாரிக்கிற பாகம் எது?" "வேர், மிஸ்." அடி. "மறுபடி."

செத்த நேரம் கேட்ட பிறகு புரிந்தது. இரண்டும் ஒரே தொண்டை. அடிப்பதும் அதே பிள்ளைதான். ஒரு கையில் ஸ்கேல், அடி வாங்குவது மற்றொரு கை.

ஆனந்தவல்லி கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். "ஏட்டி மாரி... மாரிசெல்வி..."

உள்ளே சத்தம் நின்றது. தரையில் பாதம் தேய்த்து வருகிற ஓசை கதவு வரை வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதோடு பேசுவது போலச் சொன்னாள்:

"நான் தேவதானத்துல இருக்கேன் அத்தை."

என் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டுக் கதவுகளில் காது வைத்திருக்கிறேன். எந்தக் கதவும் இப்படிப் பேசியதில்லை.

நான்தான் பாண்டீஸ்வரிக்கு போன் போட்டேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தோம். வந்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சாவி இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. கை அதன் மேலேயே இருந்தது.

"ஃபெயிலு மதினி. ரெண்டு பாடம்," என்றாள். "மறுபரீட்சை வைக்காக, இந்த மாசக் கடைசில. அதுல தேறிட்டா ஊர்லேருந்து வந்துட்டான்னு வெளியில விட்டுரலாம்னு பாத்தேன். அவுக லீவுல வாராக. புள்ள பாஸுன்னு கேம்ப்ல எல்லாத்துக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தேங்காக போன்ல. எந்த மொகத்தோட நான் சொல்லட்டும்?"

"அதுக்காகப் பெத்த புள்ளையப் பூட்டி வைப்பியாட்டி?"

"நீங்க என்ன சொல்லுவீகன்னு எனக்குத் தெரியாதா? போன வருசம் சலூன்காரரு மகன் ஃபெயிலானப்ப நீங்கதான மதினி அவனை 'பழைய அஞ்சாப்பு'ன்னு பேரு வச்சுக் கூப்ட்டீக? இன்னமும் தெருவே அப்படித்தான கூப்டுது?"

அந்தப் பெயரை ஆனந்தவல்லிதான் வைத்தாள் என்பது நிஜம். தெரு முழுக்கக் கொண்டுபோனது யார் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

"தொறட்டி," என்றாள் ஆனந்தவல்லி. குரலில் ஏட்டையா வீட்டு அதிகாரம் இல்லை. "அவுக வந்தா நான் பேசுதேன். நீ மொதல்ல தொற."

பாண்டீஸ்வரி எழுந்து பூட்டைத் திறந்தாள். கதவு திறந்ததும் மாரிசெல்வி வெளியே ஓடி வரவில்லை. நிலைப்படிக்கு உள்ளேயே, வெயில் விழுகிற கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் படாமல் நின்றாள். ஸ்கூல் யூனிபாரம் போட்டிருந்தாள். பவுடர் பூசி, ரெட்டைச் சடை போட்டு, ஐடி கார்டு கூட மாட்டியிருந்தாள். தினமும் அம்மா போன பிறகு போட்டுக்கொள்வாளாம். இடது உள்ளங்கை தடித்துச் சிவந்திருந்தது.

ஆனந்தவல்லி அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். நகங்களைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். மாரிசெல்விதான் சொன்னாள்.

"உங்க மோதிரம் குத்துச்சு அத்தை. அதான் கிள்ளிட்டேன்."

பாண்டீஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பட்டி? சாவி எங்கிட்டல்ல இருந்துச்சு? கொல்லைக் கதவுக்கும் பூட்டுத்தான?"

மாரிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரு கையவும் புடிக்கணும்னு சொன்னாங்கள்ல. அத்தை கை கிடைச்சிருச்சு. நீ துணியைத்தாம்மா புடிச்சிருந்த. நான் இழுத்து இழுத்துப் பாத்தேன். நீ விடவே இல்ல."

அதற்குப் பிறகு பாண்டீஸ்வரி அழுததை எழுத எனக்கு வராது. மகளை வெளியே வெயிலுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அத்தனை வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு அது புதுசு.

போட்டோ குரூப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? நான் அசடு வழியத் தலையைக் குனிந்திருக்கிறேன். ஆனந்தவல்லி சாலையைப் பார்க்கிறாள். அவள் வலது கையில் துணி இல்லை. விரல்கள் எதையோ மூடிப் பிடித்திருக்கின்றன, அதற்குள் ஒன்றும் இல்லை. பாண்டீஸ்வரி பிடித்திருக்கும் துணி தரையில் தொங்க வேண்டும். தொங்கவில்லை. காற்றில் விறைப்பாக நீண்டு பாதி வழியில் முடிகிறது.

முத்துப்பாண்டி லீவில் வந்தான். ஆனந்தவல்லி சொன்னபடி போய்ப் பேசினாள். அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. மகள் தலையில் கை வைத்து, "இந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம்," என்றானாம். மறுபரீட்சை எழுதவில்லை. தேவதானத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து, ஃபெயில் கணக்குப் பார்க்காத அங்கத்து அரசுப் பள்ளியில் ஆறாவதில் சேர்த்தார்கள். பாண்டீஸ்வரி சொன்ன பொய் அட்சரம் பிசகாமல் நிஜமாகிவிட்டது. சாமான் ஏற்றிய டாடா ஏஸில் மாரிசெல்வி முன்னால் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள். என் கண்ணால் பார்த்தேன்.

மனிதச் சங்கிலியால் விதி மாறியதா என்று கேட்டால் தெரியாது. மனு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். ஆனந்தவல்லி இப்போது சலூன்காரர் மகனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். முத்துக்குமரன் என்று அவனுக்கு ஒரு பெயர் இருந்ததே பாதித் தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தை மாதம் ஆனந்தவல்லி மகள் வெங்கடேஸ்வரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பால்கோவா வியாபாரம், பந்தியில் அதற்குக் குறைவில்லை. தேவதானத்திலிருந்து தாயும் மகளும் வந்திருந்தார்கள். மாரிசெல்வி வளர்ந்திருந்தாள். பூ வைத்துக்கொண்டு ஓயாமல் பேசினாள். நகம் எல்லாம் ஒழுங்காக வளர்ந்து மருதாணி வைத்திருந்தாள். இலை எடுக்கிற நேரத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன், செடிக்கு உணவு தயாரிக்கிற பாகம் எது என்று. "இலை, பெரியம்மா," என்று சிரித்தாள். "இது கூடவா தெரியாது?"

பாண்டீஸ்வரி காலி செய்த எதிர்வீட்டுக்கு அதற்குப் பிறகு புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடி வந்தது. மாதம் முடிவதற்குள் செட்டியார்பட்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் சரியில்லை என்றாள் அந்தப் பெண். எங்கள் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். இப்போது பூட்டிக் கிடக்கிறது. சங்கிலிக்கு மிச்சமான பேண்டேஜ் துணியை யாரோ அந்த வீட்டு கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாள்பட அது அவிழ்ந்து படிகளில் இறங்கிக் கதவுக்கு அடியில் போய்க் கிடக்கிறது. காற்று தள்ளியிருக்கும்.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக அது தெரியும். தெருவில் ஒரு இலை அசையாது. "மறுபடி" என்று உள்ளே அதே மூக்குக் குரல். படியில் துவண்டு கிடக்கும் துணி மெல்ல நிமிர்கிறது, கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே கோடு போட்டது போல விறைத்து நிற்கிறது.