வழிவிட்டு நின்றவர்

என் வீட்டுக்காரர் நோயால் சாகவில்லை. மரியாதையால் செத்தார். இதைச் சொன்னால், துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். சாலையில் ஒருத்தனுக்கும் வழி விட்டதாகச் சரித்திரமே இல்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உடம்பில் குடிவந்து, நெஞ்சில் ஸ்டென்ட்டும் வைத்த பிறகுதான் கொள்ளைநோய் வந்தது. "தினம் நடங்க. ஆனா யார் கிட்டயும் போகாதீங்க. உங்களுக்கு வந்தா உடம்பு தாங்காது" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவரை உயிரோடு வைத்திருப்பதுதான் என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன். பையைக் கழுவினேன், செருப்பைக் கழுவினேன், விட்டால் அவரையே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்திருப்பேன்.

வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க்கும் ரயில்வே சுவருக்கும் நடுவே ஒரு நடைபாதை. ஒன்றரை ஆள் அகலம். சுவரில் அங்கங்கே ஓர் ஆள் நிற்கும்படி உள்வாங்கிய மாடங்கள் உண்டு. எதிரே யாராவது வந்தால், முதலில் பார்த்தவர் மாடத்துக்குள் ஒதுங்கி, மூச்சு படாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கடப்பவர் ஒரு நன்றி சொல்லிவிட்டு, ஏறிட்டுப் பார்க்காமல் விரைய வேண்டும். யார் போட்ட சட்டமோ, எல்லோரும் கடைப்பிடித்தோம். நின்று பேசுகிறவரைக் கொலைகாரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

அன்று காலை நடக்கப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனேன். தூரத்திலேயே மாடத்துக்குள் அவர் முதுகு தெரிந்தது. பால்காரர் அவரைக் கடந்து, "நன்றிங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் ஒதுங்கினேன். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர். அவரும் நன்றி சொன்னார். ஊருக்கே வழி விட்டுக்கொண்டு நிற்கிறாரே மனுஷன் என்ற எரிச்சலோடு போய்த் தோளைத் தொட்டேன்.

உடம்பு சில்லென்று இருந்தது. நெற்றி சுவரில் பதிந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. அந்தக் குறுகிய மாடம்தான் அவருடைய பெரிய உடம்பைச் சரியவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

மாரடைப்பு, உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்கள். எந்த நோயிடமிருந்து அவரைக் காத்தேனோ, அது அவரைத் தொடவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் தெருவில் நின்றபடியே கேட்டார்கள். "தங்கமான மனுஷன்மா. அன்னைக்குக்கூட எனக்கு வழி விட்டு நின்னாரே" என்றார் பால்காரர். மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். இத்தனை பேர் கடந்திருக்கிறீர்களே, ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அதன்பின் அந்தப் பக்கமே போகாதவளுக்கு, போன வாரம் மருந்து வாங்க அதே பாதையில் போக வேண்டியதாயிற்று. எதிரே பால்காரர். அந்த மாடம் காலியாகத்தான் இருந்தது, என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைக் கடக்கும்போது அவர், "நன்றிங்க ஐயா" என்றார்.



"யாருக்குச் சொன்னீங்க?"

"அங்க ஒருத்தர் திரும்பி நின்னாரேம்மா."

"யாரு?"

"மூஞ்சியப் பாக்கக் கூடாதில்ல..." என்றபடி திரும்பியவர் காலி மாடத்தைப் பார்த்தார். "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, நான் போயிடறேன்."

நான் ஒதுங்கவில்லை. பாதையின் நடுவில் நின்றுகொண்டேன்.

"நின்னவர்கிட்ட உடம்புக்கு என்னன்னு கேளுங்க. கேட்டீங்கன்னா விடறேன்."

"அங்க யாரும் இல்லையேம்மா."

"இருந்தப்போ கேக்கலையே. இப்பவாவது கேளுங்க."

அவர் மெல்ல மாடத்தின் முன்னால் போய் நின்றார். முகக்கவசத்துக்குள்ளிருந்தே கேட்டார்.

"ஐயா... உடம்புக்கு என்னங்க?"

கேட்டுவிட்டு அவர் அங்கேயே நின்றார். நான் வழி விட்ட பிறகும் அவர் போகவில்லை. இருவரும் பதிலுக்காக நின்றோம்.