டிரம் உருட்டியவர்

பெருமுக்கல்லில் ஏழு ஏக்கர் வைத்திருக்கும் அப்பாதுரைக்கு எழுபத்தொரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்திலிருந்து மகள் கலைப்பிரியா போன் செய்து, அவருடைய பழைய வானொலிப் பேட்டியை இன்று மறுபடி போடுகிறார்கள் என்றாள். பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுவிட்டு நேயர்களை நேரலையில் பேச வைக்கும் நிகழ்ச்சி அது. மனைவி கிருஷ்ணவேணி செல்போனில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் எடுத்த பேட்டி. அந்த வருடம் அவர் நிலத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு விளைந்திருந்தது. பூத்து, காயாகும் விழுது இறங்கும் சமயத்தில் செடிகள்மேல் காலித் தார் டிரம்மை உருட்டினால், விழுது மண்ணுக்குள் போய் நன்றாகக் காய் பிடிக்கும். இந்த யோசனை எப்படி வந்தது என்று பேட்டியெடுத்தவர் கேட்டார்.

"நானேதாங்க யோசிச்சேன்" என்றது அப்பாதுரையின் அன்றைய குரல்.

அடுத்து டிரம் உருளும் சத்தம் கேட்டது. வானொலிக்காரர் கேட்டதால் அதை உருட்டிக் காட்டியவர் தேவசகாயம். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர். சாலை போட்டவர்கள் விட்டுப்போன டிரம் உருண்டுபோன தடத்தில் மட்டும் காய் கூடுதலாக இருந்ததைக் கவனித்து, யோசனை சொன்னவரும் அவர்தான். பேட்டியின்போது பத்தடி தள்ளி நின்றிருந்தார். அடுத்த விதைப்புப் பட்டத்திலிருந்து வேலைக்கு வரவில்லை. அவர் காரணம் சொல்லவில்லை, அப்பாதுரை கேட்கவும் இல்லை.

கிருஷ்ணவேணிக்கு இதெல்லாம் தெரியும். அவள் அவரையே பார்த்தாள். அப்பாதுரை போனை வாங்கி நிலையத்து எண்ணை அழுத்தினார். நாலாவது தடவைதான் லைன் கிடைத்தது. அறிவிப்பாளர் அருணா, பேட்டியில் பேசியவர் இவர்தான் என்று தெரிந்ததும் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்தப் பேட்டியில நான் சொன்னது பொய்யிங்க. யோசனை தேவசகாயத்தோடது. பிரம்மதேசத்துக்காரரு."

அருணா அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அன்று மதியமே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். தேவசகாயம் இப்போது அங்கே மகள் பிரபாவதியோடு இருந்தார். அவர் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கவில்லை. அப்பாதுரை நடந்ததைச் சொன்னார். அந்தக் காலத்தில் நீ, வா, போ என்றுதான் பேசுவார். இன்று 'நீங்க' என்று வந்தது.



"ரேடியோவுல சொன்னது இருக்கட்டும். எம் பொண்ணாண்ட சொல்லுங்க" என்றார் தேவசகாயம்.

பேட்டி எடுத்த சமயத்தில் பிரபாவதிக்குப் பத்து வயது. டிரம் யோசனை எங்கப்பாவுடையது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள். பேட்டி ஒலிபரப்பானதும் பிள்ளைகள் அவளைப் பொய்க்காரி என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா உண்மையைச் சொன்னபோது அவளும் நம்பவில்லை.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பிரபாவதி வந்தாள். அப்பாதுரை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் தன் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"நானும் உன்ன நம்பலியேப்பா."

"உடும்மா. ரேடியோவுல வந்தா நெசம்னுதான எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தோம்."

பிரபாவதி அப்பாதுரையிடம் திரும்பி, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"ஊரே பெருமையா பேசுச்சும்மா. அத உட மனசு வரல."

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அப்பாதுரை உட்காரப் போட்டாள். தேவசகாயம், இப்போதும் டிரம் உருட்டுகிறார்களா என்று விசாரித்தார். வானூர் பக்கம் வரைக்கும் உருட்டுகிறார்கள் என்றார் அப்பாதுரை. எந்தெந்த ஊர் என்று தேவசகாயம் கேட்டார். அப்பாதுரை ஒவ்வொன்றாகச் சொல்ல, பிரபாவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.