குப்பைமேட்டில் எடுத்த பிள்ளை

“அம்மா பேர் சொல்லுங்க” என்றாள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த பெண். பையன் என் தோளில் துவண்டு கிடந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. பெற்றவள் அச்சியா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னையும் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. முழங்கையால் என் விலாவில் இடித்தாள். “சாலிமாத்தா” என்று என் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவள் எழுதிக்கொண்டு, “அப்போ இவங்க யாரு?” என்று அச்சியாவைக் காட்டினாள். நான் வாய் திறப்பதற்குள் அச்சியா முந்திக்கொண்டாள். “நான் பக்கத்து வீடு. இந்தச் சனியனத் தூக்கிட்டு வர ஒத்தாசைக்கு வந்தேன்.”

அச்சியாவுக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. மூன்றாவதைப் புதைத்த பிறகு, வந்து வந்து போவது ஒரே பிள்ளைதான், அதற்கு இந்த வயிறு பழகிவிட்டது என்றார்கள் அவள் ஜனங்கள். நாலாவது வயிற்றில் இருக்கும்போது லாரி ஓட்டப் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. அவன் புத்தி அவ்வளவுதான். பெயர் வைக்கிற நாளன்று அவள் பிள்ளையை உடைந்த கூடை ஒன்றில் போட்டு, வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியிருக்கும் எங்கள் சோங்கோ பேட்டையின் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பேசி வைத்தபடி நான் போய் எடுத்துக்கொண்டேன். எங்கள் மோசி ஆட்களில் கத்தி பிடிக்கிற கிழவர் கன்னத்தில் எங்கள் சாதிக் கீறல் போட்டுவிட்டார். பெயரும் நான்தான் வைத்தேன். தம்புரே. எங்கள் மொழியில் குப்பைமேடு. சாவு தேடிக்கொண்டு வந்தால், இது வடக்கத்திக்காரி வீட்டுக் குப்பை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட வேண்டும். இந்தக் குமாசி நகரத்தில் இப்படி வளர்ந்த ஆட்கள் எத்தனையோ பேர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். பெற்றவள் அவனை ‘என்னுடையது’ என்று வாயால் சொல்லிவிடக் கூடாது. கொஞ்சக் கூடாது. நாலு பேர் காதில் விழும்படி திட்ட வேண்டும்.

அச்சியா நன்றாகவே திட்டினாள். அவள் தட்டில் மீனின் நடுத்துண்டு விழுந்தால், “தின்னு தொலை” என்று அவன் தட்டில் வீசுவாள். நாய்க்குப் போடுகிறாள் என்றுதான் தெருவில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் அவளும் வீசினாள். அவனுக்கு அவள் வெறும் ‘அச்சியா’. அம்மா நான்.

எனக்கு வயிறு திறக்கவில்லை. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊர் கண்ணைக் கட்ட ஆடிய கூத்துதான் இது என்று எனக்குத் தெரியும். ஆனால் எட்டு வயசுப் பையன் ஒருவன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து “அம்மா, பசிக்குது” என்று சோற்றுப்பானை முன்னால் நின்றால், கூத்து எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

நான் சோறும் பயறும் சேர்த்து ஆக்கி விற்கிறவள். என் கடை முன்னால் மூன்று மொழிகள் முட்டிக்கொள்ளும். அவனுக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. சின்னச் சொற்கள்மேல் அவனுக்கு ஒரு பைத்தியம். பெரிய சொற்கள் ஒரே வீட்டில் கிடக்குமாம், சின்னச் சொற்கள்தான் வீடு வீடாகச் சுற்றுமாம். “அம்மா, ‘பா’ன்னா நம்ம பேச்சுல அப்பா. அச்சியா பேச்சுல பிள்ளை. சந்தையில ஹௌசாக்காரங்களுக்கு இல்லைன்னு அர்த்தம். அப்போ நம்ம வீட்டுல நான் அப்பா, அவங்க வீட்டுல நான் பிள்ளை, சந்தைக்குப் போனா நான் இல்லவே இல்லை, சரியா?” கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அச்சியா மட்டும் கையிலிருந்த அகப்பையை ஓங்கினாள். “எவடா உன்னப் பிள்ளைன்னு சொன்னா? குப்ப!” அவள் கண் அவன்மேல் இல்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவன் உதடும் உள்ளங்கையும் வெளுத்துப்போயின. இரத்தமே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிள்ளைகள் வார்டுக்குள் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. நான் உள்ளே போனேன். அச்சியா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். என் இரத்தம் சேரவில்லை. அச்சியாவின் இரத்தம் சேர்ந்தது. பையை மாட்ட வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, “பெத்தவ இரத்தம் ஆகல, பக்கத்து வீட்டுக்காரி இரத்தம் ஆகுது. நல்ல கூத்து” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த இரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் கண் திறந்தான். “அச்சியா எங்க?”

“வெளிய இருக்காடா.”

“அழறாங்களா?”

“இல்ல.”

“அழ வேணாம்னு சொல்லுங்க. அதுக்குக் கேட்டுடும்.”

சாவுக்குக் காது உண்டு என்று யார் சொல்லித் தந்தது? நானில்லை. அவளும் இல்லை. இவ்வளவு நாளும் அகப்பைக்கும் திட்டுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டேதான் அவன் எங்களோடு ஆடியிருக்கிறான். “நீ தூங்கு” என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் டாக்டர்கள் இரண்டு பேர் வேகமாக வந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. அச்சியா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை அவள் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மழை விட்ட பிறகு கதவு திறந்தது. நர்ஸ் கையில் மருந்துத் தட்டு இல்லை. அவன் சட்டை இருந்தது, மடித்தபடி.

“தம்புரேயோட அம்மா?”

நான் எழுந்திருப்பதற்குள் அச்சியா எழுந்துவிட்டாள். “நான்தான். நான் பெத்தேன். என் பிள்ளை.” ஒரு சொல்லை இவ்வளவு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் அது எப்படி வெளியே வரும் என்று அன்றுதான் கேட்டேன். குரல் அவளுடையதாகவே இல்லை.

“நீங்க உட்காருங்கம்மா” என்றாள் நர்ஸ். “அம்மா அவங்க. மத்தவங்கள உள்ள விட முடியாது.” என் பக்கம் திரும்பினாள். “வாங்கம்மா. உங்க பிள்ளைதானே?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. குப்பைமேட்டில் எடுத்தவள் நான். கீறல் எங்களுடையது, பெயர் எங்களுடையது. ஒரே ஒருமுறை, கூத்தாக இல்லாமல், அப்படிச் சொல்லிவிட மாட்டேனா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அச்சியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“இல்ல” என்றேன். “என் பிள்ளை இல்ல.”

“சேர்க்கும்போது அம்மான்னு சொன்னீங்களே?”

“பொய். குப்பைமேட்டுல கிடந்தத எடுத்தேன். அவ்வளவுதான். எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்ல. அவ பிள்ளை.”

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மூச்சு நின்னதும் கை கழுவிட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று சொல்லிவிட்டு, சட்டையை அச்சியாவிடம் கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். நான் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒப்பாரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “யாவ்” என்று ஒரு குரல் கேட்டது. வியாழக்கிழமை பிறந்த ஆண் பிள்ளைக்கு அவள் ஜனங்களில் கிழமையே கொடுத்துவிடுகிற பெயர் அது. அவனுக்கும் அது இருந்திருக்க வேண்டும். ஒருநாளும் நான் யோசித்ததில்லை, அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “யாவ்.” விளையாடப் போன பிள்ளையை இருட்டுவதற்குள் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். “யாவ், என் பா, வா.” கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் உரக்க, மறுபடியும்.

வராந்தாவில் எனக்கு எதிரே, கையில் ஊசி ஒட்டியிருந்த ஒரு சின்னப் பையன் கதவுப் பக்கம் திரும்பினான். அவனும் வியாழக்கிழமைக்காரன் போல. போனவனைக் கூப்பிடுகிற குரலுக்கு ‘ம்’ சொல்ல வாயைத் திறந்தான். அவன் அம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்திக்கொண்டாள்.