தண்ணீர் சிவப்பாக ஒளிர்ந்தது

1
இந்தக் கதை எனக்குத் தொம்மலூரில், கன்னட மாலை வகுப்பில் கிடைத்தது. இன்று என்ன நடந்தது என்று ஆளுக்கொரு வரி கன்னடத்தில் சொல்லவேண்டும். என் பக்கத்து இருக்கை தர்ஷினி, “நீரு… கெம்பு” என்றாள். தண்ணீர், சிவப்பு.

“உங்க ஏரியா பைப்லயாங்க?” என்றார் பின்வரிசை ஆராவமுதன். வகுப்பு சிரித்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

2
(முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஒளியைப் பிடிக்க மனிதன் காலங்காலமாக…’ எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

தர்ஷினி ஆய்வகத்தில் டிஎன்ஏ இழைகளைக் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிடுவாள். அவை தாமாகவே மடிந்து, ஒளியைப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஏரியலாக வேண்டும். அதன்மேல் வரிசையாக உட்கார்ந்த சாயங்கள் நீல ஒளியை வாங்கிக் கைமாற்றி, மறுமுனையில் சிவப்பாக விடவேண்டும். நெடுநாள் சிவப்பு வரவேயில்லை. ஆயுதபூஜைக்குப் பிறகு வந்தது.

“பூஜை பலிச்சிடுச்சு பாத்தீங்களா?” என்றார் சக ஆய்வாளர் மஞ்சுநாத்.

நாளை அவளுடைய வழிகாட்டி அம்ருதா அதை மாநாட்டில் அறிவிக்கிறார்.

3
[இவளை முட்டாளாக்கிவிடுவேனோ என்று இந்த இடத்தில் பயந்து, மூன்று முறை அடித்து…

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.]

கடைசியாக ஒருமுறை சரிபார்க்க, வெறும் தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, ஒளியை அளக்கும் கருவிக்குள் வைத்தாள். பூஜைக்கு முன்பே பார்த்தாயிற்று என்று விட்டிருந்த வேலை. திரையில் சிவப்புக் கோடு அதே உயரத்துக்கு எழுந்தது. குப்பியையே எடுத்துவிட்டு மூடினாள். அப்போதும் எழுந்தது.

திறந்து எட்டிப் பார்த்தாள். உள்விளிம்பில் ஒரு பொட்டு.

பூஜையன்று அவள் வைத்ததுதான். “உள்ளயும் ஒண்ணு வைங்க, அங்கதானே வேலை நடக்குது” என்று மஞ்சுநாத் சொல்ல, சிரித்துக்கொண்டே வைத்தாள். குங்குமத்திலும் சாயம் இருந்தது. அதுவும் ஒளிர்ந்தது.

4
முடிவு ஒன்று: யாருக்கும் சொல்லாமல் துடைத்துவிடுகிறாள். (எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

நடந்தது: அம்ருதாவுக்குப் போன் செய்தாள். “மேடம், நாளைக்குப் பேசாதீங்க.”

“ஏன்மா?”

“நாம இவ்வளவு நாள் பாத்தது குங்குமம்.”

அம்ருதா அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “துடைச்சிட்டு மறுபடி பாரு. பாத்துட்டுச் சொல்லு.”

துடைத்தாள். பார்க்கத் தைரியம் வராமல் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெஞ்சின்மேல் அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் அம்ருதாவின் பெயர்.

5
ஏரியல் மடிந்ததா என்று அவளுக்கே தெரியாதபோது, தெரிந்ததுபோல் என்னால் எழுத முடியவில்லை. கருவி சுத்தமாக இருக்கிறது. டிஎன்ஏ குப்பி பக்கத்திலேயே இருக்கிறது. நீங்களே வைத்துப் பாருங்கள்.

ஆனால் முதலில் வெறும் தண்ணீரை வையுங்கள்.